தோழிகள் பக்கம் சாயும் மகள், தவிக்கும் அம்மா: பதின்வயது நட்பு அழுத்தத்தைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழாம் வகுப்பு வரை வாசலில் ஷூவைக் கழற்றும்போதே "அம்மா, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்த பெண், ஒன்பதாம் வகுப்பில் பையை ஓரமாகப் போட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்னடி என்றால் "ஒண்ணுமில்ல". இன்னொரு தடவை கேட்டால் "ஏம்மா டார்ச்சர் பண்ற". கதவுக்கு அந்தப் பக்கம் தோழியோடு ஒரு மணி நேரம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. இந்தப் பக்கம் நிற்கும் அம்மாவுக்கு வயிறு எரிகிறது.

பள்ளியில் வகுப்பாசிரியராக இருப்பதால் இந்தக் கதையை நான் இரண்டு பக்கமிருந்தும் கேட்கிறேன். பெற்றோர் கூட்டத்தன்று அம்மா சொல்வது: "அந்தப் பொண்ணுங்களோட சேர்ந்துதான் டீச்சர் இவ கெட்டுப்போறா." அடுத்த வாரம் இடைவேளையில் மகள் சொல்வது: "வீட்ல எதைச் சொன்னாலும் என் ப்ரெண்ட்ஸைத்தான் மிஸ் திட்டுறாங்க. அதான் எதையுமே சொல்றதில்ல."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குப் பயம் தருவது. தோழிகளோடு போட்டி போட்டு அம்மா ஜெயிக்கப் போவதில்லை, ஜெயிக்கவும் வேண்டியதில்லை. மகள் தன்னிடம் சொல்வது நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கீழே இருக்கும் படிகள் எல்லாம் அதற்குத்தான். வரிசையாகப் படியுங்கள். அவசரம் என்றால் நேரே கடைசிப் படிக்குப் போங்கள்.

படி 1: அவள் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"இவளுக்குச் சொந்த புத்தியே இல்ல" என்று சொல்வதற்கு முன் ஒரு சோதனையைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டை வெவ்வேறு வயதுக்காரர்களிடம் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் யார் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியபோது ஏறக்குறைய பெரியவர்கள் அளவுக்கே நிதானமாக ஆடினார்கள். பக்கத்தில் சொந்த வயது நண்பர்களை உட்காரவைத்ததும் அவர்கள் எடுத்த ஆபத்து மளமளவென்று கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை.

உங்கள் மகளுக்கு நல்லது கெட்டது தெரியும் என்பதுதான் இதில் நமக்கான சேதி. வீட்டில், உங்கள் எதிரில், தனியாகக் கேட்டால் சரியான பதிலையே சொல்வாள். தோழிகள் நடுவில் நிற்கும் அந்த நிமிடத்தில்தான் தடுமாறுகிறாள். அதனால் தெரிந்த புத்திமதியையே திரும்பத் திரும்பச் சொல்வதில் பயன் குறைவு. அந்த நிமிடத்தில் தப்பிக்க ஒரு வழி கைவசம் இருந்தால் பெரிய உதவி. அதை ஆறாம் படியில் பார்ப்போம்.

அம்மாக்களுக்கு ஆறுதல் தரக்கூடிய இன்னொன்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் ஏப்ரம்ஸ், வினோத் மேனன் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஸ்கேன் கருவிக்குள் பிள்ளைகளைப் படுக்கவைத்து, அம்மாவின் குரலையும் முன்பின் தெரியாத பெண்களின் குரலையும் கேட்கவைத்தார்கள். 12 வயது வரை உள்ளவர்களின் மூளையில் மகிழ்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகள் அம்மா குரலுக்கு அதிகமாக வேலை செய்தன. 13 வயதுக்கு மேல் அது தலைகீழானது, புதிய குரலே ஈர்த்தது. வெளி உலகத்துக்குப் போய் வாழவேண்டிய உயிர் தன் காதை வெளியே திருப்புகிறது, அவ்வளவுதான். உங்கள் மேல் பாசம் போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

"குரூப்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்கம்மா" என்று அவள் அழும்போது "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2003-இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர், கணினிப் பந்து விளையாட்டு ஒன்றில் வேண்டுமென்றே ஒதுக்கப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உடம்பில் அடிபட்டால் வேலை செய்யும் பகுதி ஒன்று அப்போதும் வேலை செய்தது. முகமே தெரியாதவர்கள் பந்து போடாததற்கே அப்படி என்றால், ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி இருக்கும்?

படி 2: சண்டைகளைப் பிரித்து அடுக்குங்கள்

ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் மகளோடு எதற்கெல்லாம் சண்டை வந்தது என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொன்றையும் மூன்றில் ஒன்றில் சேருங்கள்.

முதலாவது, வெறும் ரசனை. தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டேன் என்பது, பூ வேண்டாம் என்பது, ஓவர்சைஸ் டீஷர்ட், உங்களுக்குப் பிடிக்காத கொரியன் பாட்டு, வாய்க்கு வாய் "ப்ரோ", "கிரிஞ்சு". இதையெல்லாம் விட்டுவிடுங்கள். மனதார விடுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விடாதீர்கள். இங்கே கொடுக்கும் இடம்தான் பிறகு நீங்கள் "முடியாது" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எடை தரும்.

இரண்டாவது, பணமும் நேரமும் மானமும் கலந்தவை. பிறந்தநாள் ட்ரீட், மாலுக்குப் போவது, டியூஷன் கட் அடிப்பது, எல்லோரும் வைத்திருக்கும் அந்த வாட்டர் பாட்டில், முகத்துக்கு ஏதோ சீரம். இவற்றை உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். வீட்டுக் கணக்கைத் திறந்து காட்டுங்கள். "அப்பா சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, உன் பீஸ் இவ்வளவு, மாசம் உன் கைச்செலவுக்கு இவ்வளவுதான் முடியும். அதை எதுக்குச் செலவு பண்றதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ." பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் கணக்கு புரியும். "நம்ம வசதிக்கு இதெல்லாம் கேக்குதா" என்ற குத்தல்தான் புரியாது.

மூன்றாவது, உடம்புக்கும் உயிருக்கும் ஆபத்தானவை. சிகரெட், வேப் என்ற மின்சிகரெட், மது, உதட்டுக்குள் வைக்கும் போதைப் பொட்டலம். யாருக்காவது அந்தரங்கப் படம் அனுப்பச் சொல்வது. ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடப்பது. கையைக் கீறிக்கொள்வது. லைசென்ஸ் இல்லாமல் தோழியின் ஸ்கூட்டரில் மூன்று பேராகப் போவது. இங்கே பேச்சுவார்த்தைக்கு இடமில்லை, "கூடாது" என்றால் கூடாதுதான். காரணத்தை மட்டும் நேராகச் சொல்லுங்கள். வண்டி விஷயத்தில் சட்டமே உங்கள் பக்கம் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

அந்தத் தாளில் பெரும்பாலும் முதல் வகைதான் நிரம்பியிருக்கும். எண்ணெய்க்கும் கத்தி, வேப்புக்கும் அதே குரலில் கத்தினால், இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொள்வாள்.

படி 3: உங்கள் மேல் இருக்கும் அழுத்தத்தைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகத் தோன்றும். போகாதீர்கள்.

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்பதும் சகவயது அழுத்தம்தான், வயது மட்டும் நாற்பது. நாத்தனார் மகள் எடுத்த மார்க்கு, வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ரிசல்ட் அன்று வரும் படங்கள், கல்யாண வீட்டில் "என்ன, பொண்ணு இப்படிக் கறுத்துப்போயிட்டா" என்ற விசாரிப்பு, இவையெல்லாம் நம்மைப் பிடித்துத் தள்ளுகின்றன. தள்ளப்பட்ட வேகத்தில் நாம் போய் மகள் மேல் மோதுகிறோம். ஓரகத்தி எடுத்த மாதிரிப் புடவையைத் தவணையில் வாங்கிவிட்டு, மகள் கேட்ட ஷூவுக்கு "மத்தவங்களைப் பாத்து வாழக்கூடாது" என்று சொன்னால் அவள் காதில் அது ஏறாது. பிள்ளைகள் கவனிப்பதில் கெட்டிக்காரர்கள்.

அவள் எதிரில் ஒரு தடவையாவது "மத்தவங்க செய்றாங்கன்னு நாம செய்ய வேண்டாம்" என்று உங்கள் விஷயத்திலேயே முடிவெடுத்துக் காட்டுங்கள். மொய் ஆகட்டும், நகை ஆகட்டும், "கூட ரெண்டு டியூஷன் போடுங்க" என்ற அறிவுரை ஆகட்டும். அவளுக்காக யாரிடமாவது நின்று பேசுங்கள். "கறுப்பா இருந்தா என்னக்கா, அவ நல்லாத்தான் இருக்கா" என்று அந்தக் கல்யாண வீட்டில் அவள் காதுபடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லும் ஆறுதலைவிட அதுதான் நெஞ்சில் நிற்கும்.

படி 4: உங்களைப் பார்த்தே அவள் கூச்சப்பட்டால்

தாய் மகள் உறவில் அதிகம் காயம்படும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

"ஸ்கூல் வாசலுக்கு வராதம்மா, தெருமுனையிலயே நில்லு." "பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அப்பாவை அனுப்பு." "கருவாடு கட்டிக் கொடுக்காத, எல்லாரும் மூக்கைப் பொத்துறாங்க." "என் ப்ரெண்ட் வந்தா நீ இங்கிலீஷ் பேச ட்ரை பண்ணாத." கேட்கும் அம்மாவுக்கு உள்ளே என்னவோ அறுந்து விழும். உடனே வாயில் வருவது: "உன்னைப் பெத்து வளர்க்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

அந்த வாக்கியம் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் வேலை செய்யாது. உங்கள் மேல் அவளுக்கு வெறுப்பு வந்து இப்படிப் பேசவில்லை. வகுப்பில் யாரோ ஒருத்தி டப்பாவைத் திறந்ததும் "ஐயே" என்றிருப்பாள், நாலு பேர் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து தப்பிக்கத்தான் பார்க்கிறாள்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு பருவம் முழுக்க அம்மா கட்டிக்கொடுத்த மதியச் சோற்றைச் சாப்பிடாமல் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறாள். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். விடியற்காலை எழுந்து சமைப்பவர். "என் கை ருசி பிடிக்கலையா" என்று தினம் சண்டை. விஷயம் ருசியே இல்லை. டப்பா பழைய எவர்சில்வர் தூக்கு. மற்றவர்களுடையது அடுக்கடுக்காகப் பிரியும் லஞ்ச் பாக்ஸ். அதை அவளால் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை, சொன்னால் அம்மா மனது நோகும் என்று. தெரிந்த பிறகு அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இதைச் சொல்ல வேண்டியதுதான டீச்சர், சாப்பிடாமயா இருப்பா?" அந்த வாரமே ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் டப்பா வந்தது, சோறு தீர்ந்தது.

அதனால் முதலில் கேளுங்கள்: "யாரு என்ன சொன்னா?" குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள், தெரிந்துகொள்ளும் குரலில் கேளுங்கள். அடுத்து, உங்களுக்கு வலித்ததை ஒரே ஒரு தடவை, அழாமல் சொல்லுங்கள்: "நீ அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு." அதோடு நிறுத்துங்கள். பிறகு எதில் வளைவது, எதில் கூடாது என்று பிரியுங்கள். டப்பாவும், வாசலும், பொது இடத்தில் தலையைத் தடவுவதும் விட்டுக்கொடுக்கக் கூடியவை. பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும், உங்களுக்குத் தெரிந்த தமிழில்தான் பேச வேண்டும். உங்கள் வேலையைக் கேவலமாகப் பேசினால் அதை ஏற்கவும் வேண்டாம். "என் வேலையை மட்டமா பேசாத" என்று அமைதியாகச் சொன்னால் போதும், கூட எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

படி 5: சொல்லும் வாயைத் திறந்தே வைத்திருங்கள்

ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்து ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று பெற்றோருக்கு எப்படித் தெரிகிறது? துருவிக் கேட்பதாலா, கட்டுப்பாடு போடுவதாலா, பிள்ளை தானாகச் சொல்வதாலா? பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு பிள்ளை தானாகச் சொன்னதிலிருந்தே வந்தது. பை சோதிப்பதைவிட, பின்தொடர்வதைவிட, அவள் வாய் திறப்பதுதான் உங்களுக்குப் பலம்.

அதற்குச் சில பழக்கங்கள் வேண்டும்.

பள்ளியிலிருந்து வந்த முதல் அரை மணி நேரம் கேள்வியே வேண்டாம். மார்க்கு, ஹோம்வொர்க், "யாரு கூட வந்த" எதுவும் வேண்டாம். டீ, இரண்டு பஜ்ஜி அல்லது பிஸ்கட், அவ்வளவுதான். பசியும் அலுப்புமாக வருபவளிடம் விசாரணை வைத்தால் பதில் "ஒண்ணுமில்ல"தான்.

முகம் பார்த்து உட்காரவைத்துப் பேசாதீர்கள். பக்கத்தில் இருந்தபடி, கைக்கு ஒரு வேலை இருக்கும்போது பேச்சு தானாக வரும். வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் போகும்போது. தலை பின்னுவது இதற்கு அருமையான நேரம். அவளுக்கு உங்கள் முகம் தெரியாது, உங்கள் கை மட்டும் தெரியும். வாரம் இரண்டு நாளாவது பின்னிவிட ஒரு காரணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் தோழியைப் பற்றி ஏதாவது சொன்னால் தீர்ப்பு சொல்லாதீர்கள். "அவ லவ் பண்றாளாம்மா" என்றால் "ஐயையோ, இனிமே அவ கூடச் சேராத" என்று பாய வேண்டாம். "அப்படியா, நீ என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள். பல சமயம் தோழி கதை என்பது உங்களை ஆழம் பார்ப்பதற்காகச் சொல்வது. தோழிக்கு என்ன தீர்ப்பு கொடுக்கிறீர்களோ, அதுதான் நாளைக்குத் தனக்கும் என்று அவள் கணக்குப் போடுகிறாள்.

அவள் சொன்னதை வெளியே சொல்லாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். சித்தியிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம், போனில் அம்மம்மாவிடம் "இவளுக்கு கிளாஸ்ல ஒரு பையன் மேல இதுவாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். அந்த வார்த்தை சுற்றிவந்து அடுத்த தீபாவளிக்கு அவள் காதில் விழும். அதோடு கதவு அடைபடும், திறக்க வருஷங்கள் ஆகும். அப்பாவிடம் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் என்றால் "இதை அப்பாகிட்டச் சொல்லணும், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று அவளிடமே கேட்டுவிடுங்கள்.

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இன்னொன்று. அவள் பதற்றமாக இருக்கும் நாளில் மெசேஜ் அனுப்பாமல் போன் செய்யுங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் குழுவினர் 12 வயது வரையிலான பெண் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளில், போனில் கேட்ட அம்மா குரலே பதற்ற ஹார்மோனைக் குறைத்தது. எழுத்தில் வந்த மெசேஜுக்கு அந்தப் பலன் இல்லை. பதின்வயதில் உங்கள் குரலின் கவர்ச்சி குறையலாம், அழும்போது கேட்க விரும்பும் குரல் இன்னும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 6: "வேண்டாம்" சொல்ல வழி செய்துகொடுங்கள்

"தைரியமா நோ சொல்லு" என்று சொல்வது சுலபம். ஐந்து பேர் சுற்றி நின்று "சீன் போடாதடி", "அம்மா பொண்ணு" என்று கிண்டல் செய்யும்போது அந்தச் சொல் தொண்டையை விட்டு வராது. அவள் வாயில் வைத்துக்கொள்ளத்தக்க வார்த்தைகளை வீட்டிலேயே பழக்குங்கள்.

முதல் வழி, பழியை உங்கள் மேல் போடச் சொல்லுங்கள். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா போனைப் பிடுங்கிடும்பா", "எங்கம்மா வாசனை பிடிச்சிடும்". தோழிகள் நடுவில் நீங்கள் கொடுமைக்கார அம்மாவாக இருந்துவிட்டுப் போங்கள், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. இந்த அனுமதியை வெளிப்படையாகக் கொடுங்கள்: "என்னைத் திட்டித் தப்பிச்சுக்கலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

இரண்டாவது, ஒரு ரகசிய வாக்கியம். "அம்மா, நாளைக்கு லேப் நோட்டு எடுத்து வச்சியா?" என்று அவள் மெசேஜ் அனுப்பினால் நீங்கள் உடனே போன் செய்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி "பாட்டிக்கு உடம்பு சரியில்ல, உடனே வா" என்று சத்தம் போட வேண்டும். அழைத்துவரப் போனால் வழியில் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. இந்த ஒப்பந்தத்தை நீங்கள் ஒருமுறை மீறினாலும் அவள் திரும்பப் பயன்படுத்த மாட்டாள். விசாரிக்க வேண்டியதை மறுநாள் விசாரிக்கலாம்.

மூன்றாவது, கூட ஒருத்தி. 1950-களில் சாலமன் ஆஷ் செய்த புகழ்பெற்ற சோதனையில், அறையில் இருந்த எல்லோரும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த கோட்டின் நீளத்தைத் தப்பாகச் சொன்னபோது, பலர் தங்களுக்குச் சரி என்று தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்தார்கள். ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னதும் அப்படிக் கூட்டத்தோடு சேர்வது பெருமளவு குறைந்துபோனது. ஒரு ஆள் போதும்.

இதை நான் பன்னிரண்டாம் வகுப்பு பேர்வெல் சமயத்தில் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி ஆர்கன்சா புடவை என்று குரூப்பில் முடிவாகிறது. புடவை, பிளவுஸ் தையல், மேக்கப் என்று கூட்டினால் சில வீடுகளில் அரை மாத வாடகை. ஒரு பெண் மூன்று நாள் அம்மாவோடு மல்லுக்கட்டினாள். பிறகு அம்மா சொன்ன யோசனைப்படி, குரூப்பில் போடாமல், ஒரு தோழிக்கு மட்டும் தனியாகப் போன் செய்து "உங்க வீட்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணும் வீட்டில் சொல்ல முடியாமல் முழித்துக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து "ஒரே கலர் மட்டும் வைப்போம், புடவை அவங்கவங்க வீட்ல இருக்கிறது" என்று போட்டதும், வரிசையாக எட்டுப் பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். எல்லோருக்கும் அதேதான் பிரச்சினை, முதலில் சொல்லத்தான் ஆள் இல்லை.

படி 7: போன்

ரகசியமாக எடுத்துப் பார்க்காதீர்கள். தெரிந்துவிடும், தெரிந்தால் அவள் இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்குவாள், அதில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உயிருக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் மட்டும் பார்க்கலாம். அப்போதும் "பயமா இருக்கு, நான் பார்க்கப்போறேன்" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள்.

போன் கொடுக்கும் நாளிலேயே விதிகளைப் பேசிவிடுங்கள். இரவில் வீட்டில் எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, ஹாலில் சார்ஜ் ஆக வேண்டும். இன்ஸ்டாகிராமுக்குக் குறைந்தபட்ச வயது 13. பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கியிருந்தால் சரியான வயதுக்கு மாற்றுங்கள். 2024 செப்டம்பரில் அறிமுகமாகி அடுத்த ஆண்டு இந்தியாவுக்கும் வந்த டீன் கணக்கு என்ற ஏற்பாடு, 18-க்கு உட்பட்டவர்களின் கணக்கைத் தானாகவே பிரைவேட் ஆக்கும், அறிமுகமில்லாதவர்கள் மெசேஜ் அனுப்புவதைத் தடுக்கும், இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகளை நிறுத்தும். 16 வயதுக்குக் கீழ் என்றால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். வயதைப் பொய்யாகப் போட்டால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது.

படி 8: உங்களுக்குப் பிடிக்காத தோழி

"அவ கூடப் பேசாத" என்று தடை போட்டால் பேசுவது நிற்காது, உங்களுக்குத் தெரிவதுதான் நிற்கும். அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போடுங்கள். பாதிப் பேர் நேரில் பார்த்தால் நாம் பயந்த அளவுக்கு இருக்க மாட்டார்கள். கண்டிப்பு இல்லாத, கவனிக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாறிப்போவதையும் பார்த்திருக்கிறேன். அவளுடைய அம்மாவின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்த்தும் மனசு ஒப்பவில்லையா? ஆளைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள். "அவ மோசமானவ" என்றால் மகள் தோழிக்காக வாதாடுவாள். "அவ உன் நோட்டை வாங்கிட்டு எல்லார் முன்னாடியும் உன்னைக் கிண்டல் பண்ணினா. அது உனக்குச் சரியாப் பட்டுச்சா?" என்று கேட்டால் யோசிப்பாள். உடனே பதில் வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம்.

படி 9: சண்டை போட்ட பிறகு

கத்திவிட்டீர்கள், கை கூட நீண்டுவிட்டது. முதலில் போய்ப் பேச வேண்டியவர் நீங்கள்தான், ஏனென்றால் நீங்கள்தான் பெரியவர். "உன் மேல கோபம் வந்தது உண்மை. அடிச்சது தப்பு. மன்னிச்சிடு. ஆனா ராத்திரி எட்டு மணி வரைக்கும் சொல்லாம வெளிய இருந்தது சரியில்ல, அதைப் பத்தி நாளைக்குப் பேசுவோம்." மன்னிப்பையும் விதியையும் தனித்தனியே வையுங்கள். சாப்பாட்டைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டு எதுவும் நடக்காத மாதிரி இருப்பதும் நம் வீடுகளில் ஒரு சமாதானம்தான். அது அன்றைக்குப் போதும், வார்த்தையில் சொல்வதற்கு அது ஈடாகாது.

நாள் கணக்கில் பேசாமல் இருப்பதைத் தண்டனையாக வைக்காதீர்கள். ஏற்கெனவே வெளியே ஒதுக்கப்படுவோமோ என்று நடுங்கும் பெண், வீட்டிலும் ஒதுக்கப்பட்டால், யார் சேர்த்துக்கொள்கிறார்களோ அங்கே போய்விடுவாள்.

படி 10: எல்லை மீறிப் போய்விட்டால்

தூக்கமும் சாப்பாடும் மாறி இரண்டு வாரம் தாண்டினால், பள்ளிக்குப் போகவே பயந்தால், கை மணிக்கட்டை மறைத்து முழுக்கைச் சட்டையே போட்டால், கணக்கில்லாமல் பணம் வந்தாலோ காணாமல் போனாலோ, "நான் இல்லாமப் போயிட்டா நல்லது" என்று சொன்னால் காத்திருக்காதீர்கள்.

1098 குழந்தைகள் உதவி எண், நாள் முழுக்க இயங்கும். அவளே கூட அழைக்கலாம். 14416 மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். 14417 தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் எண், படிப்பு, தேர்வு பயம், பள்ளியில் நடக்கும் தொல்லை இவற்றுக்கு. உங்களிடம் பேச மறுத்தால் அத்தையிடமோ, பிடித்த ஆசிரியரிடமோ பேசட்டும். அதில் உங்களுக்கு மனக்குறை வேண்டாம்.

யாராவது அவள் படத்தை வைத்து மிரட்டினால் முதல் வார்த்தை "எதுக்குடி அனுப்புன" என்று இருக்கக் கூடாது. "நல்ல வேளை சொன்ன, நான் பார்த்துக்கிறேன்" என்று இருக்கட்டும். பணம் அனுப்பாதீர்கள், இன்னும் கேட்பார்கள். 1930 சைபர் குற்ற உதவி எண். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்குத் தனிப்பிரிவு இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் அடையாளம் மட்டும் போய், சேவையில் சேர்ந்துள்ள சமூக ஊடகங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க உதவும்.

"போலீஸுக்குப் போனா பேர் கெட்டுப்போயிடும்" என்ற பயத்தால்தான் பல அம்மாக்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் இதை யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது. குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிய வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. நீங்கள் கூடவே இருக்கலாம்.

புகார் கொடுக்கப் போவதற்கு முன் எதையும் அழிக்காதீர்கள். மிரட்டிய மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் நேரமும் தெரிய வேண்டும். அந்தக் கணக்கின் பெயர், லிங்க், போன் நம்பர், பணம் கேட்டிருந்தால் யூபிஐ ஐடி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிளாக் செய்வதை இதெல்லாம் எடுத்து முடித்த பிறகு செய்யுங்கள்.